நூதனசாலையில் ஒரு தற்செயல்

அன்னலட்சுமி பொய் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கவேண்டும், இல்லாவிட்டால் அவள் அன்புவழிபுரத்திலிருந்து நடந்தே வந்து என்னோடு சண்டை பிடிப்பாள். கலியாணத் தரகர் கதிரையில் குந்திக்கொண்டு "மகன் என்ன வேலை?" என்று கேட்டபோது, "துறைமுகத்திலை, கப்பலுகளுக்குத் தண்ணி குடுக்கிற கந்தோரிலை கிளாக்கர்" என்று உள்ளதை உள்ளபடிதான் சொன்னாள். தரகர்தான் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, தண்ணியையும் கந்தோரையும் கிளாக்கரையும் வழியில் எங்கேயோ இறக்கி வைத்துவிட்டு, கிளிவெட்டிக்குப் போய் "பெடியன் கப்பலிலை" என்றார். அந்தக் கதை சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அன்னலட்சுமி வாயைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

திறக்க எப்படி மனம் வரும்? வினோதனுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. குடியில்லை, சிகரெட் இல்லை, வாயில் ஒரு கூடாத சொல் இல்லை. இருந்தும் வந்த சம்பந்தமெல்லாம் தட்டிக்கொண்டே போனது. சாதகம் பொருந்தினால் பொம்பிளைக்குப் பிடிக்காது. பொம்பிளைக்குப் பிடித்தால் எங்கிருந்தாவது ஒரு தாய்மாமன் முளைத்து, "கிளாக்கரோ..." என்று இழுப்பான். படுத்தால் அன்னலட்சுமிக்கு ஒரே நினைப்புத்தான். நான் போனபிறகு இந்தப் பிள்ளை அந்த வீட்டில் தன்னந்தனிய இருந்து ரீவி பார்க்குமே! அதை நினைத்துத் தலையணையை நனைத்த நாட்கள் உண்டு. கிளிவெட்டித் தம்பிராசாவின் மகள் பிரசாந்தினிக்குச் சாதகமும் பொருந்தி, படத்தைப் பார்த்த வினோதன் "பரவாயில்லை" என்றும் சொல்லிவிட்டான். அவன் வாயால் பரவாயில்லை வருவது லேசுப்பட்ட காரியமில்லை. இனி இதை விட்டால் வேறில்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

பொம்பிளை பார்க்கிறதென்றால் எங்கள் பக்கத்தில் கோயில்தான். கோணேசர் கோயிலடியில் இரண்டு பகுதியும் தற்செயலாகச் சந்திக்கவேண்டும். அந்தத் தற்செயலுக்கு நாளும் நேரமும் தரகர் குறித்துத் தருவார். பிடிக்காவிட்டாலும் ஒருத்தருக்கும் வெட்கமில்லை, சாமி கும்பிடத்தானே வந்தது. ஆனால் இந்த முறை குறுக்கே சாவு விழுந்துவிட்டது. தம்பிராசாவின் பெரியப்பா கண்ணை மூடிவிட்டார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அவர்களுக்குக் கோயில் வாசல் மிதிக்க ஏலாது, வீட்டுக்கு ஆட்களை வரச்சொல்லவும் ஏலாது. துடக்குக் கழிவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் நல்ல கதை கதைக்கிற வழக்கமில்லை. ஆவணி மட்டும் பொறுத்திருந்தால் பிள்ளையை வேறு ஆரும் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

"சாமியில்லாத இடமாப் பாப்பம்" என்றார் தரகர். "துறைமுகத்தடியிலை கடல் நூதனசாலை இருக்கெல்லே. நங்கூரமும் பீரங்கியும்தான். துடக்குக்காரர் தாராளமாப் போகலாம். சும்மா பாக்கப்போன இடத்திலை சந்திச்சால் ஆர் என்ன சொல்லுறது?"

சனிக்கிழமை காலை ஓட்டோவில் போகும்போதே அன்னலட்சுமி மகனுக்குப் படிப்பித்துக்கொண்டு வந்தாள்.

"கதைக்கிறது நான். நீ சிரிச்சுக்கொண்டு நில்லு, அவ்வளவு காணும். கடலைக் கண்டால் உனக்குச் சத்தி வாற கதையை மூச்சு விடாதை. மற்றது, நீ சமைக்கிற கதை. அது வெளியிலை வந்திச்சோ, நான் கோணேசர் மலையிலை ஏறிக் கடலுக்கை குதிச்சிடுவன்."

"அதிலை என்னம்மா இருக்கு?"

"என்ன இருக்கோ? ஆம்பிளைப் பிள்ளையைக் குசினிக்கை விட்டிட்டுத் தாய்க்காரி என்ன செய்தவள் எண்டு கேப்பினம்!"

கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான். அன்னலட்சுமியின் கை குசினிக்கு வாய்த்த கையில்லை. அவள் வைத்த சாம்பாரைப் பக்கத்து வீட்டு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வேலியால் திரும்பிப் போனதை அந்த ஒழுங்கையே பார்த்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் வினோதன் பசி தாங்காமல் தானே அகப்பையைக் கையில் எடுத்தான், அதற்குப் பிறகு கீழே வைக்கவேயில்லை.

நூதனசாலை ஒல்லாந்தர் காலத்து வீடு. முன்புல்லில் ஆள் உயர நங்கூரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதன் நிழலில் ஒரு மான் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. திருகோணமலையில் மானுக்கு எங்கேயும் நுழைவுச் சீட்டு வேண்டியதில்லை. மானுக்கு அந்தப் பக்கம் தம்பிராசா நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, வயல்காரரின் கறுத்த தடித்த கழுத்து. பக்கத்தில் மனைவி பூமணி, அவவுக்குப் பின்னால் நீலச் சட்டையும் தோளில் கந்தோருக்குக் கொண்டுபோகிற பையுமாகப் பிரசாந்தினி. விவசாயக் கந்தோரில் வேலை பார்க்கிற பிள்ளை அது, படத்தில் இருந்ததைவிடக் கண் கூர்மையாக இருந்தது.

"அட, கிளிவெட்டித் தம்பிராசா அண்ணையெல்லே! என்ன இந்தப் பக்கம்?" என்று அன்னலட்சுமி ஆச்சரியப்பட்டாள். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகின ஆச்சரியம், நன்றாகவே வந்தது.

"நீங்கள் சொன்ன நேரத்துக்குத்தானே தங்கச்சி வந்தனாங்கள்" என்றார் தம்பிராசா. பூமணி அவரின் விலாவில் இடித்தா. "ஓம் ஓம், தற்செயலா" என்று அவர் திருத்திக்கொண்டார்.

வினோதன் சிரித்துக்கொண்டு நின்றான். சொன்னது சொன்னபடி.

வாசலில் வழிகாட்டி அப்ராஸ் ஓடிவந்தான். கிண்ணியாப் பெடியன், துப்புரவான வெள்ளைச் சட்டை, சனத்தைக் கண்டால் பெருநாள் வந்ததுபோல் முகம். அவனிடம் பூமணி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இவர் கப்பல்காரர்" என்று வினோதனைக் காட்டிவிட்டா.

"அல்லாஹ்! கப்பல்காரரா?" அப்ராஸ் வினோதனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணன், இஞ்ச வாறவங்க எல்லாம் பீரங்கியில ஏறிப் படம் எடுத்திட்டுப் போற ஆக்கள். வெளங்கின ஒராள் வரமாட்டாரா எண்டு நான் பாத்துக்கிட்டு இரிக்கன்!"

அன்னலட்சுமி மகனின் சேட்டுக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முதலாம் அறை வாசலுக்கு வந்ததும் பூமணி "ஐயோ!" என்று கத்திக்கொண்டு நாலடி பின்னால் பாய்ந்தா. எல்லோரும் பாம்பென்று நினைத்தார்கள். பாம்பில்லை, பிள்ளையார். கறுப்புக் கல்லில், தும்பிக்கை கொஞ்சம் தேய்ந்துபோன பிள்ளையார் நடு அறையில் ஒரு மேடையில் இருந்தார்.

"கடலுக்குள்ள இருந்து எடுத்தது அக்கா. சுழியோடுற ஆக்கள் எடுத்துத் தந்தது. வாங்க, கிட்ட வந்து பாருங்க" என்றான் அப்ராஸ்.

"துடக்கோடை பிள்ளையாருக்கு முன்னாலை போகவோ? என்னாலை ஏலாது!"

அன்னலட்சுமி தரகரை மனதுக்குள் வேரோடு பிடுங்கிப்போட்டாள். சாமியில்லாத இடமாம்! ஆனால் இப்போது விட்டால் எல்லோரும் வந்த வாகனத்தில் ஏறிக் கிளிவெட்டிக்குப் போய்விடுவார்கள். அவள் குரலை இளக்கிக்கொண்டு சொன்னாள்: "பூமணியக்கா, இது சாமியில்லை. பூசை இல்லை, மந்திரம் இல்லை, ஐயர் இல்லை. இது காட்சிப்பொருள். பாருங்கோவன், பக்கத்திலை ஓடு வைச்சிருக்கு, சட்டி வைச்சிருக்கு. இவரும் அதுமாதிரித்தான்."

"தும்பிக்கை இருக்கு, வயிறு இருக்கு, இதுக்கு மேலை என்ன வேணும்?" என்றா பூமணி. "காட்சிப்பொருளாம்! கேக்கக் கூடாத கதை."

தம்பிராசாவும் சால்வையை இடுப்பில் கட்டுவதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். கடைசியில் அப்ராஸ்தான் வழி கண்டுபிடித்தான். "பிரச்சின இல்ல அக்கா. வீட்டச் சுத்திப் பின்னால போவம். இறங்குதுறையில, முந்தி மூதூருக்கு ஆக்கள ஏத்திக்கிட்டுப் போன பழைய லோஞ்ச் ஒண்டு கட்டியிருக்கி, அது எங்கட கடைசிக் காட்சி. அதுக்குள்ளால ஏறிப் பின்கதவால உள்ளுக்குப் போகலாம். தலைகீழாப் பாப்பம், அவ்வளவுதான்."

பின்கதவு நல்ல யோசனைதான். ஆனால் லோஞ்ச் என்ற சொல்லைக் கேட்டதும் வினோதனின் சிரிப்பு அரைவாசியாகிவிட்டது. பாலங்கள் வருவதற்கு முந்திய நாளில், ஒரேயொரு முறை, அவன் இதேமாதிரி லோஞ்சில் மூதூருக்குப் போயிருக்கிறான். போனது மட்டும்தான் லோஞ்சில். திரும்பி வந்தது தரைவழியாக, காட்டையும் களப்பையும் சுற்றி, அரை நாள் பஸ்சில்.

"அம்மா..." என்றான்.

"கட்டி வைச்ச லோஞ்ச்தானேடா, தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. பல்லைக் கடிச்சுக்கொண்டு போ" என்று அன்னலட்சுமி காதுக்குள் சொல்லி முதுகில் தள்ளினாள்.

லோஞ்சுக்குள் கண்ணாடிப் பெட்டிகளில் சாமான்கள், நடுவில் பலகை ஆசனம், அதன்மேல் பழைய சுழியோடியின் பித்தளைத் தலைக்கவசம், களிம்பு பிடித்துப் பச்சையாக. சின்னச் சின்னதாக ஓர் அசைவு, மற்றவர்களுக்குத் தெரியாது. வினோதனுக்கு உள்ளங்காலால் ஏறியது.

"அண்ணன், சுக்கானப் பிடிச்சி இவங்களுக்கு விளக்கம் சொல்லுங்க!" என்று அப்ராஸ் அவனை இழுத்துக்கொண்டுபோய்ச் சுக்கானுக்கு முன்னால் நிறுத்திவிட்டான்.

தம்பிராசா பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தில் சந்தோசம் இல்லை, கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிற ஆள் மாதிரி இருந்தார். "தம்பி, ஒருக்கால் போனால் எத்தினை மாதம் கடலிலை நிப்பியள்?"

"அது கம்பனியைப் பொறுத்தது" என்றாள் அன்னலட்சுமி.

"பெரிய அலை அடிச்சால் பயமில்லையோ?"

"பழகின பிள்ளைக்கு என்ன பயம்?" என்றாள் அன்னலட்சுமி. பிரசாந்தினி அவளையும் பார்த்தாள், வினோதனையும் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்து எவனோ ஒருத்தன் மீன்பிடி வள்ளத்தைப் பக்கத்தால் விட்டுக்கொண்டு போனான். லோஞ்ச் இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது, பிறகு யோசித்துப் பார்த்துவிட்டு மறுபடி இடப்பக்கம் சாய்ந்தது. வினோதன் சுக்கானை விட்டான். துப்புரவான பெடியன், நிலத்தை அசிங்கப்படுத்த அவனுக்கு மனம் வராது. சுற்றுமுற்றும் பார்த்தான், கையில் அகப்பட்ட பித்தளைத் தலைக்கவசத்தை வாய்ப்பக்கம் மேலே வரப் புரட்டிப் பிடித்தான், காலமை சாப்பிட்ட பிட்டும் மாசிச் சம்பலும் முழுவதையும் அதற்குள் சத்தி எடுத்தான்.

"அண்ணன்! அது நூறு வருசத்துச் சாமான்!" அப்ராஸின் குரல் அழுகிற குரல்.

எல்லோரும் இறங்குதுறைக்கு ஓடிவந்தார்கள். வினோதன் தலைக்கவசத்தை மார்போடு அணைத்துக்கொண்டு கல்லில் குந்தினான். தம்பிராசா அவனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"கட்டி வைச்ச லோஞ்சிலை சத்தி எடுக்கிற கப்பல்காரனை நான் இண்டைக்குத்தான் காணுறன்."

"பிட்டு ஒத்துக்கொள்ளேல்லை அண்ணை. மாசியும் பழசு" என்றாள் அன்னலட்சுமி.

"காணும் அம்மா" என்றான் வினோதன். வாயைத் துடைத்துக்கொண்டு தம்பிராசாவை நிமிர்ந்து பார்த்தான். "ஐயா, நான் கப்பல்காரன் இல்லை. கப்பலுகளுக்குத் தண்ணி குடுக்கிற கந்தோரிலை கிளாக்கர். ஒரு கப்பலிலையும் நான் ஏறினதில்லை. கந்தோர் யன்னலும் கடல் தெரியாத பக்கமாக் கேட்டு வாங்கினனான்."

அன்னலட்சுமி பக்கத்துக் கல்லில் பொத்தென்று இருந்தாள். முடிந்தது. இனி ரீவியும் அவனும்தான். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள்.

அப்போது தம்பிராசா சிரித்தார். சின்னச் சிரிப்பில்லை, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற சிரிப்பு. நங்கூரத்தடியில் படுத்திருந்த மான் எழும்பி ஓடியது.

"நல்ல வேளை! நான் இண்டைக்கு வந்ததே இந்தச் சம்பந்தம் வேண்டாம் எண்டு சொல்லத்தான். என்ரை தங்கச்சியையும் ஒரு கப்பல்காரனுக்குத்தான் குடுத்தது. வருசத்துக்கு ஒருக்கா வருவான், பிள்ளையள் பயந்து ஓடி ஒளியும். இந்தத் தம்பி லோஞ்சிலை மூதூருக்கும் போகமாட்டார். எனக்கு இது காணும்!"

அன்னலட்சுமி அழுகையைப் பாதியில் நிறுத்தினாள்.

"எனக்குக் காணாது" என்றாள் பிரசாந்தினி.

அவள் அன்று முதன்முதலாக வாய் திறந்தது அப்போதுதான். "அப்பா, மாப்பிள்ளை கப்பல்காரர் எண்டபடியால்தான் நான் வாறன் எண்டனான். ஆறு மணிக்குக் கந்தோராலை வந்து, குளிக்கவும் நேரமில்லாமல் குசினிக்கை போய், ஒரு ஆளுக்குச் சோறு, மாமிக்கு வேறை கறி... என்னாலை ஏலாது. அந்தாள் கடலிலை நிண்டால் ஒன்பது மாதமாவது நான் கடைப் பாணைத் திண்டுபோட்டு நிம்மதியாப் படுப்பன்."

"பிரசாந்தினி!" என்று பூமணி தலையில் கை வைத்தா.

வினோதன் தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்க் குழாயடிக்குப் போனான். இரண்டு மூன்று தரம் அலசி ஊற்றிவிட்டு, அப்ராஸைக் கூப்பிட்டுக் கேட்டான்: "தம்பி, பழப்புளி இருக்கோ? கொஞ்சம் உப்பும், தேய்க்கத் தேங்காய்த் தும்பும் வேணும்."

அப்ராஸ் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவந்தான். வினோதன் சேட்டுக் கையை மடித்துவிட்டுக் குந்தினான். புளியை உப்போடு பிசைந்தான், தும்பால் தொட்டான், சுற்றிச் சுற்றித் தேய்த்தான், விளிம்புக்கு விரலைக் கொடுத்தான். பச்சை போய்ப் பித்தளை வெளியே வந்தது. அப்ராஸின் முகமும் அதோடு சேர்ந்து வெளித்துக்கொண்டு வந்தது. பிரசாந்தினி மெல்ல மெல்லக் கிட்ட வந்துவிட்டாள்.

"பாத்திரம் தேய்ச்சுப் பழகின கை மாதிரிக் கிடக்கு?"

அன்னலட்சுமி தூரத்தில் நின்று கையால், கண்ணால், முந்தானையால் சைகை காட்டினாள். வினோதன் தாயைப் பார்த்தான். பிறகு பிரசாந்தினியைப் பார்த்தான்.

"சமைக்கிறதும் நான்தான்" என்றான்.

"சோறு மட்டுமோ?"

"சூடை மீன் சொதி வைப்பன். நண்டுக்கு முருங்கையிலை போடுவன். இடியப்பம் பிழிவன், ஆனா மாவை வறுக்கிறதும் நான்தான், கடை மா எனக்குச் சரிவராது." அவன் இவ்வளவு நீளமாகக் கதைத்ததைப் பெற்ற தாயே கேட்டதில்லை. "நான் நாலரைக்கு வீட்டை வந்திடுவன். நீங்கள் ஆறு மணிக்கு வரேக்கை கறி இறக்கி வைச்சிருப்பன்."

பிரசாந்தினி தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கல்லில் வைத்தாள். பார்த்துக்கொண்டு நின்ற அன்னலட்சுமிக்கு மூச்சு வந்தது.

ஆனால் பூமணி லேசில் விடுகிற மனுசியில்லை. "இருங்கோ, இருங்கோ. காலமை கப்பல்காரன் எண்டியள். இப்ப சமைக்கிறவன் எண்டுறியள். உலகத்திலை எந்த ஆம்பிளை அன்றாடம் சமைக்கிறான்? கப்பல் பொய்யெண்டால் கறி மெய்யெண்டு நான் என்னெண்டு நம்பிறது? அன்னலட்சுமி தங்கச்சி, உள்ளுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னாலை சத்தியம் பண்ணுங்கோ. உங்களுக்குத் துடக்கில்லைத்தானே."

"எந்தப் பிள்ளையார்?" என்று தம்பிராசா குறும்பாகக் கேட்டார். "அது ஏதோ காட்சிப்பொருள் எண்டெல்லே தங்கச்சி சொன்னவ."

அன்னலட்சுமியின் முகம் செத்துப்போனது. "பிள்ளையார்தான் அண்ணை" என்றாள். "என்ரை வாய்க்குப் புத்தியில்லை. அவர் பிள்ளையாரேதான்."

எல்லோரும் முன்வாசலுக்கு வந்தார்கள். துடக்குக்காரர் மூவரும் வெளியே மரத்தடியில் நின்றார்கள். அப்ராஸ், என்ன நடக்கிறது என்று முழுவதும் விளங்காவிட்டாலும், பயபக்தியாக ஒதுங்கி நின்று யன்னலைத் திறந்துவிட்டான். அன்னலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஓட்டுக்கும் சட்டிக்கும் நடுவில், கையைக் கூப்பினாள். முதலில் காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டாள், அது காட்சிப்பொருள் என்றதற்கு.

"பிள்ளையாரப்பா, என்ரை பிள்ளை கப்பலேறினதில்லை, ஏறவும் மாட்டான். இது சத்தியம்."

"சமையல்?" என்று வெளியிலிருந்து பூமணி கேட்டா.

"சமைப்பான். சத்தியமா நல்லாச் சமைப்பான்."

"எப்ப தொடக்கம்?" இது பிரசாந்தினியின் குரல்.

"பன்னிரண்டு வயசு தொடக்கம்."

அன்னலட்சுமி தப்பித்தேன் என்று திரும்பப் போனாள். அதற்குள் பிரசாந்தினி யன்னலடிக்குக் கிட்ட வந்து, அமைதியாக, விவசாயக் கந்தோரில் வரப்புத் தகராறு விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள்:

"அப்ப மாமி, இவ்வளவு காலமும் நீங்கள் வீட்டிலை என்ன செய்தனீங்கள்?"

மாமி! அந்தச் சொல் காதில் விழுந்ததும் அன்னலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்து கண் மறைத்தது. கூப்பின கையை எடுக்க ஏலாது, முன்னால் பிள்ளையார் தேய்ந்த தும்பிக்கையோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்ல வழியில்லை.

"நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தனான் பிள்ளை" என்றாள்.